கென்யாவில் சமூக நிறுவனம் தொடங்க: காகிதம், காசு, காலம்

ஜனவரி மாதம் நைரோபியிலிருந்து மகுவேனிக்குப் போகும் வழியெங்கும் மாம்பழம் குவிந்து கிடக்கும். வியாபாரி வருவார், காய் ஒன்றுக்கு இத்தனை ஷில்லிங் என்று பேசி, நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விடுவார். மிச்சம் மரத்தடியிலேயே அழுகும். அந்த மிச்சத்தை உலர்த்திப் பாக்கெட் போட்டு விற்கலாம், லாபத்தில் தோட்டக்காரப் பெண்களுக்கும் பங்கு இருக்கட்டும் என்று நானும் என் கென்யக் கூட்டாளியும் கிளம்பினோம். பழம் இருந்தது, பெண்கள் இருந்தார்கள், உலர்த்தும் அறையும் தயாராகிவிட்டது. காகிதம் மட்டும் தயாராகவில்லை. ஒரு முழுப் பருவத்துப் பழம் எங்கள் கண் முன்னால் வீணானது.

அந்த ஒரு பருவத்தை நீங்களும் இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் கென்ய ஷில்லிங்கில் இருக்கின்றன. ஒரு ஷில்லிங் ஏறக்குறைய 65 பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் 2025-ல் இருந்த நிலை. ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 1-ஐ ஒட்டிப் புதிய நிதிச் சட்டம் வரும், வரி விகிதங்கள் அதோடு மாறக்கூடும். ஆகையால் பணம் கட்டும் முன் அந்தந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. எந்த அமைப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள். நாங்களும் இங்கேதான் விழுந்தோம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வியாபாரம் செய்து அதன் வழியே சமூகத்துக்கு உதவும் இத்தகைய அமைப்புக்கு, 'சமூக நிறுவனம்' என்ற பெயரில் கென்யாவில் தனிப் பதிவு கிடையாது. நீங்கள் எவ்வளவு நல்ல காரியம் செய்தாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஒரு கம்பெனி, அல்லது கூட்டுறவுச் சங்கம், அல்லது பொதுநல அமைப்பு, அல்லது சமூகக் குழு. இந்த நான்கில் எதற்குள் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் வரி, வங்கி, கடன், நன்கொடை எல்லாமே அமையும்.

பங்கு உள்ள தனியார் லிமிடெட் கம்பெனி சீக்கிரம் கிடைக்கும். ஒருவரே கூடத் தொடங்கலாம். முதலீட்டாளர் பணம் போடலாம், கடன் வாங்கலாம். வரிச்சலுகை கிடையாது; பெரிய நன்கொடை நிறுவனங்கள் பலவும் தயங்கும். எம்-கோபா போன்ற சூரிய மின் நிறுவனங்கள் முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்தது இந்த வழியில்தான்.

பங்கு இல்லாத, உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பெனி இரண்டாவது (உறுப்பினர்கள் பங்கு வாங்காமல், கம்பெனியை மூடினால் ஒரு தொகை தருவதாக மட்டும் உறுதி கூறுவார்கள்). இதில் லாபத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது. பதிவுக்கு முன் பாதுகாப்புத் தரப்பின் சரிபார்ப்பும் உண்டு, மாதக் கணக்கில் ஆகலாம்.

பொதுநல அமைப்பு என்பது பழைய என்.ஜி.ஓ. பதிவுக்குப் பதிலாக வந்தது. 2013-ல் இயற்றிய பொதுநல அமைப்புகள் சட்டம் 2024 மே 14-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 'பழைய என்.ஜி.ஓ. போர்டு படிவம்' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். இந்தச் சட்டப்படி பொதுநல அமைப்பு வியாபாரமும் செய்யலாம். ஆனால் வருமானம் முழுக்க அந்தப் பொதுநல நோக்கத்துக்கே போக வேண்டும். வெளிநாட்டு அமைப்பாகப் பதிவு செய்தால் இயக்குநர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் கென்யாவில் வசிக்கும் கென்யக் குடிமக்களாக இருக்க வேண்டும்.

கூட்டுறவுச் சங்கத்துக்குக் குறைந்தது 10 உறுப்பினர்கள் வேண்டும். உற்பத்தியாளர்களே முதலாளிகளாக இருக்க வேண்டும் என்றால் இதுதான் நேர்வழி. கியாம்பு கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) கிதுங்குரி பால் கூட்டுறவு 'ஃப்ரெஷா' என்ற பெயரில் விற்கும் பாலை நைரோபியில் எந்தக் கடையிலும் பார்க்கலாம். சமூகக் குழு என்பது 2022 சட்டத்தின் கீழ் வரும். ஊர்ப் பெண்கள் நடத்தும் 'சாமா'வை, அதாவது நம் ஊர் மகளிர் குழு மாதிரி மாதாமாதம் பணம் சேர்க்கும் குழுவை, இதில் பதிவு செய்கிறார்கள். அரசின் பெண்கள் தொழில் நிதி, உவெசோ நிதி ஆகியவற்றில் கடன் கேட்க இந்தப் பதிவு உதவும். பெரிய தொழிலுக்கு இது மட்டும் போதாது.

எங்களுக்கு நடந்தது இதுதான். ஓர் ஆலோசகர், 'நீங்கள் செய்வது சமூக சேவை, உத்தரவாதக் கம்பெனிதான் பொருத்தம்' என்றார். நாங்களும் நம்பி விண்ணப்பித்தோம். மே மாதம் போட்ட விண்ணப்பம், சரிபார்ப்பெல்லாம் முடிந்து கைக்கு வந்தது மார்ச்சில். மாம்பழம் முடிந்துவிட்டது. அதைவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது: உலர்த்தும் இயந்திரத்துக்குப் பணம் போடத் தயாராக இருந்தவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, 'இதில் பங்கே இல்லையே, நான் எதை வாங்குவது?' என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கி லிமிடெட் கம்பெனி பதிவு செய்தோம்.

ஆகவே படிவத்தைத் தொடும் முன் ஒரு தாளை எடுத்து, அடுத்த மூன்று ஆண்டுக்கு யார் யாரிடமிருந்து பணம் வரும் என்று எழுதுங்கள். விற்பனையும் முதலீடும் என்றால் லிமிடெட். பெரும்பகுதி நன்கொடை என்றால் பொதுநல அமைப்பு. உறுப்பினர் பங்கும் உறுப்பினர் உற்பத்தியும் என்றால் கூட்டுறவு. முதலீடும் நன்கொடையும் கலந்து வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் இரண்டு அமைப்பு வைக்கலாம். முகுரு குடிசைப் பகுதியில் கழிப்பறைகள் அமைத்த சானர்ஜி, லாப நோக்கற்ற பிரிவு ஒன்று, வியாபாரப் பிரிவு ஒன்று என்று அப்படித்தான் நடத்தியது. ஆனால் இரண்டு அமைப்பு என்றால் இரண்டு கணக்கு, இரண்டு தணிக்கை, இரண்டு வரித் தாக்கல். முதல் ஆண்டிலேயே அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

லிமிடெட் எடுத்தால் சமூக நோக்கம் எங்கே போகும் என்று கேட்பீர்கள். அதைக் கம்பெனியின் சங்க விதிகளில், அதாவது கம்பெனி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் விதித்தாளில், எழுதுங்கள். லாபத்தில் எத்தனை சதவீதத்துக்கு மேல் பங்காதாயம் கிடையாது, கம்பெனியை மூடினால் சொத்து யாருக்குப் போகும், உற்பத்தியாளர்களுக்கு இயக்குநர் குழுவில் எத்தனை இடம், எல்லாவற்றையும் எழுதலாம். சாதாரணமாக 75 சதவீத வாக்கில் விதிகளை மாற்றிவிடலாம் என்பதால், இந்த மூன்று விதிகளுக்கும் அதைவிடக் கடுமையான நிபந்தனை போடச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். மாதிரி விதிகளை அப்படியே இறக்கிப் போட்டுவிட்டால், நாளை ஒரு முதலீட்டாளர் நுழையும்போது உங்கள் நோக்கத்தைக் காப்பாற்றக் கையில் ஒன்றும் இருக்காது. இந்த ஒரு வேலைக்கு நாங்கள் வக்கீலுக்கு 45,000 ஷில்லிங் கொடுத்தோம். மொத்தச் செலவில் நான் கொஞ்சமும் வருத்தப்படாத தொகை அது.

2. கென்யக் குடிமகன் இல்லையென்றால்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இ.டி.ஏ. எனும் மின்னணுப் பயண அனுமதி வந்துவிட்டது. அது வந்து பார்ப்பதற்கும் பேசுவதற்கும் மட்டும். அதை வைத்துக்கொண்டு உற்பத்திக் கூடத்தில் நின்று வேலை வாங்கினால் சட்டப்படி குற்றம்.

சொந்தத் தொழில் நடத்த 'ஜி' வகை அனுமதி. அதற்கு 1,00,000 அமெரிக்க டாலர் அல்லது அதற்குச் சமமான முதலீட்டைக் காட்ட வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்க 'டி' வகை; அது எந்த நிறுவனத்துக்காகக் கொடுத்தார்களோ அந்த வேலைக்கு மட்டும்தான். ஒரு கம்பெனியின் 'டி' அனுமதியில் இருந்துகொண்டு உங்கள் சொந்த நிறுவனத்தில் வேலை செய்ய முடியாது. பங்கு வைத்துக்கொள்ளத் தடையில்லை. நான் அந்த நிலையில்தான் இருந்தேன். பங்குதாரராக மட்டும் இருந்தேன், அன்றாட நிர்வாகம் முழுக்கக் கூட்டாளியின் கையில். என் அனுமதி மாறிய பிறகே முழுநேரமாக இறங்கினேன்.

நிலம் வாங்கலாம் என்ற ஆசை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். குடிமக்கள் அல்லாதவர்கள் அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகைதான் வைத்துக்கொள்ள முடியும் என்று 2010 அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. கம்பெனியில் ஒரே ஒரு பங்கு வெளிநாட்டவரிடம் இருந்தாலும் அந்தக் கம்பெனியும் 'குடிமகன் அல்லாதவர்' கணக்கில்தான் வரும். விவசாய நிலம் என்றால் நிலக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், அது வெளிநாட்டவருக்குக் கிடைக்காது. ஊரில் ஒருவர் பெயரில் வாங்கிப் போடுங்கள் என்று யோசனை சொல்பவர்கள் நிறைய உண்டு. கேட்காதீர்கள். ஊருக்குள் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தம் பின்னால் லைசென்ஸ் வாங்கவும் தேவைப்படும்.

3. கம்பெனிப் பதிவு

எல்லாம் அரசின் இ-சிட்டிசன் இணையதளத்தில். உள்ளே போய்த் தொழில் பதிவுச் சேவை என்ற பிரிவைத் திறக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒவ்வோர் இயக்குநரின் அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், கென்ய வரித்துறையான கே.ஆர்.ஏ. தரும் வரி எண் (இதை இங்கே எல்லாரும் 'பின்' என்றே சொல்வார்கள்), பாஸ்போர்ட் அளவு புகைப்படம், வீட்டு முகவரி, போன் எண், மின்னஞ்சல், கம்பெனியின் அலுவலக முகவரி. பெயருக்கு மூன்று நான்கு யோசனைகள் வைத்திருங்கள், முதல் பெயர் பெரும்பாலும் கிடைக்காது. விவரங்களை நிரப்பியதும் சி.ஆர்.1, சி.ஆர்.2, சி.ஆர்.8 என்ற படிவங்களைத் தளமே தயாரித்துக் கொடுக்கும். அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும்.

தனியார் லிமிடெட் கம்பெனிக்குக் கட்டணம் 10,650 ஷில்லிங், கைபேசிப் பணச் சேவையான எம்-பெசாவிலேயே கட்டலாம். வெறும் தொழில் பெயர்ப் பதிவு 950 ஷில்லிங்தான். ஆனால் அதில் உங்களுக்கும் தொழிலுக்கும் சட்டப்படி வேறுபாடு இல்லை, கடன் வந்தால் உங்கள் வீட்டுக்கே வரும். காசு மிச்சம் என்று அதில் தொடங்காதீர்கள்.

எங்கள் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. காரணம் என் கையெழுத்து. பாஸ்போர்ட்டில் தமிழில் போட்டிருக்கிறேன், படிவத்தில் அவசரத்தில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டேன். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்திடுங்கள். இன்னொன்று, பெயர். நம் ஊரில் இனிஷியல் வழக்கம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். எந்தப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே வரிசையில் எழுதுங்கள். பின், வங்கி, பதிவு மூன்றிலும் ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் வாரக் கணக்கில் அலைய வேண்டிவரும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் உண்மைப் பயனாளிகள் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர் எல்லாரும் இதில் வர வேண்டும். நிறைய பேர் மறப்பது இதைத்தான். இது இல்லாமல் சி.ஆர்.12 கிடைக்காது. இயக்குநர்களும் பங்குதாரர்களும் யார் யார் என்று காட்டும் அந்தச் சி.ஆர்.12 இல்லாமல் வங்கி உங்களை உள்ளே விடாது. அது ஒரு பிரதிக்கு 650 ஷில்லிங். வங்கியும் டெண்டர் அலுவலகமும் அண்மைத் தேதியிட்ட பிரதியையே கேட்கும். அதனால் முன்கூட்டியே நாலைந்து எடுத்து வைக்காதீர்கள், தேவைப்படும் வாரத்தில் எடுங்கள்.

4. வரி எண்: வேண்டாத பெட்டியில் டிக் போடாதீர்கள்

கம்பெனிக்கான 'பின்' எண் வந்ததும், கே.ஆர்.ஏ.-யின் ஐடாக்ஸ் தளத்தில் உங்கள் பெயரில் என்னென்ன வரிக் கடமைகள் பதிவாகியிருக்கின்றன என்று உடனே பாருங்கள். கம்பெனி வருமான வரி இருக்கும், அது சரி. மதிப்புக் கூட்டு வரியான வாட், ஊழியர் வருமான வரியான பே-யே ஆகியவை ஆளும் விற்பனையும் இல்லாத நிலையில் பதிவாகியிருந்தால், மாதாமாதம் 'பூஜ்யம்' என்றாவது தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அபராதம். வாட் தாக்கல் தவறினால் குறைந்தது 10,000, பே-யே தவறினாலும் குறைந்தது 10,000, கம்பெனி வருமான வரித் தாக்கல் தவறினால் குறைந்தது 20,000 ஷில்லிங்.

எங்களுக்குப் 'பின்' எண் எடுத்துக் கொடுத்த கணக்காளர், 'எப்படியும் பிறகு தேவைப்படும்' என்று எல்லாவற்றிலும் டிக் போட்டுவிட்டார். ஐந்து மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு பாக்கெட் கூட விற்காத கம்பெனி மீது ஒரு லட்சம் ஷில்லிங் அபராதம் நின்றது. அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனுப் போட்டு, காத்திருந்து, ஒரு பகுதியைக் கட்டினோம். ஆறு பெண்களுக்கு ஒரு மாதக் கூலி கொடுத்திருக்கலாம்.

விற்பனை ஆண்டுக்கு 10 லட்சம் முதல் 2.5 கோடி ஷில்லிங் வரை என்றால் விற்றுமுதல் வரி என்ற வழி உண்டு: மொத்த விற்பனையில் 3 சதவீதம், மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அது லாபத்தின் மீது இல்லை, விற்பனையின் மீது. நஷ்டம் வந்தாலும் கட்டியாக வேண்டும். முதல் ஓரிரு ஆண்டு நஷ்டம் நிச்சயம் என்றால், எழுதிக் கொடுத்து வழக்கமான 30 சதவீத லாப வரி முறைக்கே போய்விடுங்கள். ஆண்டு விற்பனை 50 லட்சம் தாண்டினால் வாட் பதிவு கட்டாயம். உங்கள் பொருளுக்கு வாட் உண்டா, விலக்கா என்பதை விலை நிர்ணயிக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 16 சதவீதத்தைப் பிறகு விலையில் ஏற்றினால் கடைக்காரர் ஓடிவிடுவார்.

பொதுநல அமைப்புக்கு வரிவிலக்குச் சான்றிதழ் தானாக வராது. தனியே விண்ணப்பிக்க வேண்டும், கிடைத்தால் 5 ஆண்டு செல்லும். அப்போதும் வியாபார வருமானத்துக்கு நிபந்தனை உண்டு: அந்த வியாபாரமே உங்கள் நோக்கத்தை நிறைவேற்றும் வேலையாக இருக்க வேண்டும், அல்லது பயனாளிகளே பெரும்பாலான வேலையைச் செய்ய வேண்டும். பெண்கள் குழு உற்பத்தி செய்கிறது என்றால் அவர்களின் வேலை நேரப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே வையுங்கள். சான்று கேட்கும்போது அந்தப் பதிவேடுதான் பேசும்.

5. வங்கியும் எம்-பெசாவும்

வங்கிக் கணக்குக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். பதிவுச் சான்றிதழ், சி.ஆர்.12, கம்பெனி பின், இயக்குநர்களின் பின், கணக்கு தொடங்கத் தீர்மானம், விதிகளின் பிரதி.

எம்-பெசா இல்லாமல் கென்யாவில் எந்தத் தொழிலும் நடக்காது. 'டில்' எண் கடையில் நேரடி விற்பனைக்கு. 'பேபில்' எண்ணில் வாடிக்கையாளர் ஒரு குறியீட்டு எண்ணும் போடலாம். தவணை வசூலிக்கிறவர்களுக்கு அதுதான் வசதி. விவசாயிகளுக்குப் பணம் அனுப்ப மொத்தப் பட்டுவாடா வசதியைத் தனியே கேட்டு வாங்குங்கள். ஒரு பரிமாற்றத்துக்கு 2,50,000 ஷில்லிங் வரைதான். தயவுசெய்து உங்கள் சொந்த எண்ணில் வசூலிக்காதீர்கள். முதல் மாதம் சௌகரியமாக இருக்கும். தணிக்கையின்போது எது கம்பெனிப் பணம், எது வீட்டுப் பணம் என்று பிரிக்க முடியாது.

6. கவுண்டி லைசென்ஸ், சுகாதாரம், தரமுத்திரை

கென்யாவில் 47 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனி நிதிச் சட்டம். அதனால் தொழில் அனுமதிக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், கடையின் அளவுக்கும் வகைக்கும் ஏற்பவும் மாறும். இதோடு தீயணைப்புச் சான்றிதழ், பெயர்ப் பலகைக் கட்டணம். உணவுப் பொருள் என்றால் சுகாதார ஆய்வும், பழத்தைத் தொடும் ஒவ்வொருவருக்கும் மருத்துவப் பரிசோதனை அட்டையும் வேண்டும். அந்த அட்டை 6 மாதம்தான் செல்லும்.

எந்தக் கட்டணத்தையும் யார் கையிலும் பணமாகக் கொடுக்காதீர்கள். கவுண்டியின் எண்ணுக்குக் கட்டி, வந்த குறுஞ்செய்தியையும் ரசீதையும் அச்செடுத்துக் கூடத்தின் சுவரில் ஒட்டிவிடுங்கள். எங்கள் கூடத்தில் அந்தச் சுவர்தான் அலுவலகம். ஆய்வுக்கு வருபவர் முதலில் நிற்பதும் அங்கேதான்.

உள்நாட்டில் தயாரிக்கும் பொருளுக்குக் கென்ய தர நிர்ணய நிறுவனமான கெப்ஸின் தரமுத்திரை கட்டாயம். வைர முத்திரை என்று ஒன்றைப் பற்றியும் சொல்வார்கள், அது விருப்பம் இருந்தால் மட்டும். கூடத்தை வந்து பார்ப்பார்கள், மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். சிறு தொழிலுக்குக் குறைந்த கட்டணம் உண்டு, கேட்டு வாங்குங்கள். முத்திரை வராமல் லேபிள் அச்சடிக்காதீர்கள். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், நிகர எடை, முகவரி இவற்றில் ஒன்று குறைந்தாலும் அத்தனை லேபிளும் குப்பைக்குத்தான். பாலித்தீன் பைகளுக்கு 2017 ஆகஸ்டிலிருந்து கடும் தடை இருக்கிறது. உணவுப் பாக்கெட்டுக்கு அனுமதித்த உறையையே வாங்குங்கள், விற்பவரிடம் அதற்கான சான்றைக் கேளுங்கள்.

7. விவசாயிகளிடம் வாங்கும்போது

2024 ஜனவரி 1 முதல், இ-டிம்ஸ் மின்னணு ரசீது இல்லாத செலவை வரிக் கணக்கில் கழிக்க முடியாது. மாம்பழம் விற்கும் பாட்டியிடம் மின்னணு ரசீது கேட்பது எப்படி? நல்ல வேளையாக, 2024 டிசம்பர் கடைசியில் வந்த திருத்தம் வழி செய்தது: ஆண்டு விற்பனை 50 லட்சத்துக்குக் கீழே இருக்கும் சிறு விவசாயிக்காக, வாங்குபவரே ரசீதை உருவாக்கலாம். அதற்கு விவசாயியின் விவரங்கள் வேண்டும். அவற்றை அறுவடைக்கு முன்பே வாங்கி வையுங்கள். விவசாயிகளின் பெயர், போன் எண்களைச் சேர்த்து வைத்தால் 2019 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்களைத் தொடும். ஒப்புதல் கையெழுத்தை அதே தாளில் வாங்கிவிடுங்கள்.

எடை விஷயத்தில் ஒரு காட்சி மனதில் நிற்கிறது. எங்கள் பெண்கள் காய்க் கணக்கில் விற்றுப் பழகியவர்கள். நாங்கள் கிலோவுக்கு விலை சொல்லித் தொங்கு தராசைக் கொண்டுபோனோம். கூட்டாளியின் சித்தி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், பிரிக்காத 2 கிலோ மக்காச்சோள மாவுப் பாக்கெட் ஒன்றை எடுத்து வந்து எங்கள் கொக்கியில் மாட்டினார். முள் 2-ல் நின்றது. அதன் பிறகுதான் கூடையை முன்னால் தள்ளினார். அன்றிலிருந்து ஒவ்வொரு கொள்முதல் நாளும் முதலில் மாவுப் பாக்கெட்டை மாட்டிக் காட்டிவிட்டே தொடங்குகிறோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கொள்முதல் சீட்டு இரண்டு பிரதி, ஒன்று அவர்களிடம் இருக்க வேண்டும். ஒரு கிலோ உலர்பழத்துக்கு எங்களுக்கு ஏறக்குறைய 10 கிலோ பழம் தேவைப்படுகிறது, ரகத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். இந்தக் கணக்கை அவர்களுக்கும் சொல்லிவிட்டால், பாக்கெட் விலையைப் பார்த்து 'எங்களை ஏமாற்றுகிறார்கள்' என்ற எண்ணம் வராது.

ஒரு கவுண்டியிலிருந்து இன்னொன்றுக்கு விளைபொருளை ஏற்றிப் போனால் வழியில் செஸ் வரி. ஒருநாள் இரவு ஏழு மணிக்கு, பழம் ஏற்றிய எங்கள் பிக்கப் வண்டி தடுப்புக் கட்டையில் நின்றது. செஸ் கட்டிய ரசீது கூடத்து மேசை டிராயரில் இருந்தது, டிரைவரிடம் இல்லை. காலையில் ரசீதோடு நான் போய்ச் சேர்வதற்குள் அடியில் இருந்த இரண்டு வரிசைக் கிரேட் பழம் நசுங்கிவிட்டது. ரசீதின் பிரதி வண்டியில் இருக்கட்டும், போட்டோ டிரைவர் போனில் இருக்கட்டும்.

8. ஆட்களை வைக்கும்போது

பருவ வேலைதானே, தினக்கூலி போதும் என்று நினைப்போம். 2007 வேலைவாய்ப்புச் சட்டப்படி, தினக்கூலி ஆள் தொடர்ந்து ஒரு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தாலோ, வேலை மூன்று மாதத்துக்குள் முடியாதது என்றாலோ, அவர் மாதச் சம்பள ஒப்பந்த ஊழியரைப் போல நடத்தப்பட வேண்டியவர் ஆகிவிடுவார். அவருடைய உரிமை அது. ஆகவே பருவத்துக்கான எழுத்து ஒப்பந்தத்தை முதல் நாளே, அவருக்குப் புரியும் மொழியில் போட்டுவிடுங்கள்.

சம்பளத்துக்கு மேல் ஆகும் செலவு: என்.எஸ்.எஸ்.எஃப். ஓய்வூதியத்துக்கு இருவரும் தலா 6 சதவீதம், வீட்டுவசதி வரிக்கு இருவரும் தலா 1.5 சதவீதம், நிட்டா பயிற்சி வரி ஆளுக்கு மாதம் 50 ஷில்லிங். ஷிஃப் மருத்துவக் காப்பீட்டுக்கு 2.75 சதவீதம், குறைந்தது 300 ஷில்லிங், ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்ட வேண்டும். பிடித்ததை மறுமாதம் 9-ஆம் தேதிக்குள் கட்டுங்கள். கத்தி பிடிக்கிற வேலை என்பதால் வேலைக் காயக் காப்பீட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

9. பணம் திரட்டும்போது

நைரோபியில் அக்யுமன் போன்ற முதலீட்டு நிறுவனங்களும், கென்ய காலநிலைப் புத்தாக்க மையம் போன்ற, புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் வளர்ப்பகங்களும் இருக்கின்றன. எல்லாரும் கேட்பது தணிக்கை செய்த கணக்கு. முதல் ஆண்டிலிருந்தே தணிக்கை செய்யுங்கள், சிறு கம்பெனி என்று விட்டுவிடாதீர்கள். அரசுக் கொள்முதலில் 30 சதவீதம் பெண்கள், இளைஞர், மாற்றுத்திறனாளிகள் நடத்தும் நிறுவனங்களுக்கு ஒதுக்கீடு. உங்கள் கம்பெனி அந்தத் தகுதிக்குள் வந்தால் அந்தப் பதிவை உடனே வாங்குங்கள்.

டாலர் கடனில் மட்டும் மிகக் கவனம். 2024 ஜனவரியில் ஒரு டாலர் 160 ஷில்லிங் வரை போனது, அந்த ஆண்டு நடுவில் 130-க்கு வந்தது. நீங்கள் விற்பது ஷில்லிங்கில் என்றால் கடனும் ஷில்லிங்கில் இருக்கட்டும், வட்டி கூட இருந்தாலும்.

10. எப்போது எதைத் தொடங்குவது

டிசம்பரில் பழம் வரும் என்றால் பின்னாலிருந்து எண்ணுங்கள். முந்தைய பருவம் முடியும் மார்ச்சில் சிறு தொகுதி உலர்த்தி, கெட்டுப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஏப்ரலில் அமைப்பை முடிவு செய்து வக்கீலைப் பாருங்கள். மே, ஜூனில் பதிவும் 'பின்' எண்ணும் வங்கியும். ஜூலையில் புதிய வரி விகிதங்களைப் பார்த்து விலைக் கணக்கைத் திருத்துங்கள். ஆகஸ்டில் கிடங்கு வாடகை, கவுண்டி அனுமதி; உங்கள் கவுண்டியில் அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பரில் கெப்ஸ் விண்ணப்பம். நவம்பரில் விவசாயிகள் பட்டியல்.

பெண்களின் மருத்துவ அட்டையை மட்டும் அக்டோபர் கடைசி வரை எடுக்காதீர்கள். அக்டோபர் கடைசியில் எடுத்தால் ஏப்ரல் வரை நிற்கும். கூடம் தயாராகிவிட்டதே என்று ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டால், பழம் மலையாகக் குவிந்து கிடக்கும் பிப்ரவரியில் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டிவரும்.